கிரீஸ் கேட்ட புஷ்ஷும் கிரீஸ் வேண்டாத புஷ்ஷும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆற அமரப் படியுங்கள். பிக்கப், குட்டி யானை என்று சொந்த வண்டி வைத்துப் பிழைக்கிறவர்கள் கட்டாயம் கடைசி வரை படியுங்கள். மற்றவர்கள் வரலாற்றுப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு தம்பி மேலூர்ப் பக்கம் பிக்கப் ஓட்டுகிறார். போன வாரம் போனில் ஒரு சந்தேகம் கேட்டார். "சார், பின்னாடி கமான் பட்டையில டக்கு டக்குன்னு சத்தம். ஒரு பட்டறையில புஷ்ஷுக்கு கிரீஸ் அடிச்சு விட்டாங்க. ஒரு வாரம் சத்தமே இல்ல. இப்ப முன்னவிட மோசமா இருக்கு. எங்க அப்பா லாரியில கிளீனரா இருந்தவரு. கிரீஸ் அடிச்சா புஷ் வருஷக்கணக்கா வரும்னு அவரு அடிச்சுச் சொல்றாரு. அப்புறம் எனக்கு மட்டும் ஏன் சார் இப்படி?"

நான் மெக்கானிக் இல்லை, வரலாறு நடத்தியவன். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் வரலாற்றில்தான் இருக்கிறது. அவர் அப்பா சொன்னது அவர் வேலை பார்த்த லாரிக்கு நூற்றுக்கு நூறு சரி. மகனுடைய வண்டியில் இருப்பது வேறு புஷ். பெயர் ஒன்று, உட்கார்ந்திருக்கும் இடமும் ஒன்று. பொருள் மாறிவிட்டது. பொருள் மாறினால் பராமரிப்பும் மாற வேண்டும். அது மாறாததால்தான் இத்தனை வண்டிகள் சாலையில் ஆட்டம் போடுகின்றன.

முதலில் புஷ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு உலோகம் இன்னொரு உலோகத்துக்குள் அசைய வேண்டிய இடத்தில், இரண்டுக்கும் நடுவே வைக்கும் உறைதான் புஷ். தேய வேண்டியது அதுதான். விலை உயர்ந்த பட்டையும் பின்னும் தேயாமல் இருக்க, விலை குறைந்த இது தன்னைத் தேய்த்துக்கொள்கிறது. தேய்ந்ததும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்ட வேண்டும்.

இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். சக்கரத்தின் நடுவில் இருக்கும் மரக் குடத்துக்குள் இரும்பு உருளை ஒன்றை இறக்கியிருப்பார்கள். அச்சு அதற்குள் போகும். வெளியே கடையாணி. வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை செய்து, சக்கரத்தைக் கழற்றி அச்சில் பூசுவார்கள். மை காய்ந்தால் வண்டி கத்தும். கத்துகிற வண்டியைப் பாரம் ஏற்றி ஓட்டினால் மாடு சீக்கிரம் களைக்கும். அதனால் சந்தைக்குப் புறப்படும் முன் மை போடுவது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதைப் போல ஒரு கடமை. 'சத்தம் வந்தால் மை போடு' என்பது நம் சம்சாரிகளின் ரத்தத்தில் ஊறிய பாடம். இரும்பு இரும்போடு உரசும் இடத்தில் அது சரியான பாடமும்கூட.

மாட்டு வண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது. அச்சின் மேல் நேராகவே வண்டி உட்கார்ந்திருக்கும். குதிரை வண்டிக்குத்தான் கமான் பட்டை வந்தது. 1804இல் லண்டனில் ஒபதையா எலியட் என்ற வண்டி கட்டுபவர், வில்போல் வளைந்த எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்த நீள்வட்ட ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். கமான் என்றால் வில். அந்த உருதுச் சொல்லைத்தான் நம் பட்டறைகளில் இன்றும் சொல்கிறோம்.

பட்டை வந்ததும் ஒரு புதுச் சிக்கலும் வந்தது. வில்லை மேலிருந்து அழுத்தினால் அது நிமிரும். நிமிரும்போது நீளும். இரண்டு முனையையும் அசையாமல் கட்டிவிட்டால் நீள இடமிருக்காது. அதனால் ஒரு முனையைச் சட்டத்தோடு ஒரு பின்னில் மாட்டினார்கள். மறு முனையை ஊஞ்சல்போல ஆடும் ஒரு துண்டில் தொங்கவிட்டார்கள். அந்த ஊஞ்சல்தான் ஷேக்கிள். பட்டையின் முனையைச் சுருட்டிச் செய்த வளையத்தைக் கண் என்பார்கள். அந்தக் கண்ணுக்குள், பின்னுக்கும் பட்டைக்கும் நடுவே உட்காருவதுதான் நாம் பேசும் புஷ். வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் அந்தக் கண் கொஞ்சம் திரும்பும், திரும்பி வரும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை என்று எண்ணிப் பார்க்க முடியாது.

மோட்டார் வண்டி வந்தபோது இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்துப் புஷ் வெண்கலம். நம் ஆட்கள் கன்மெட்டல் புஷ் என்று சொல்வதும் அதே குடும்பம்தான். செம்போடு வெள்ளீயம் சேர்த்த உலோகம் எஃகை விட மென்மையானது. அதனால் எஃகுப் பின்னைக் காயப்படுத்தாமல் தான் தேயும். ஆனால் அதற்கு இடைவிடாமல் மசகு வேண்டும். ஆரம்ப கால வண்டிகளில் ஒவ்வொரு பின்னின் தலையிலும் ஒரு சின்னக் கிரீஸ் கிண்ணம் இருக்கும். அதன் மூடியைக் கையால் ஒரு திருகு திருகினால் உள்ளே கிரீஸ் போகும். பிறகு கிரீஸ் துப்பாக்கி வந்தது. ஆஸ்கர் ஜெர்க் என்பவர் 1929இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற நிப்பிள்தான் இன்றும் நாம் பார்க்கும் கிரீஸ் நிப்பிளின் மூதாதை.

நம் பக்கத்துக்கு வருவோம். திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் தன் நிறுவனத்தைத் தொடங்கி, 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். பிறகு மதுரை அந்த நிறுவனத்தின் தலைமையிடமாயிற்று. அன்றைய சாலை எப்படி இருந்திருக்கும்? மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளும் போன சரளைச் சாலை. மாட்டின் லாட ஆணி டயரில் ஏறி பஞ்சராகும் என்பதால், காந்தம் பொருத்திய வண்டியை ஓட்டி ஆணிகளைப் பொறுக்கினார்கள் என்று மதுரையில் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். டி.வி.எஸ். பஸ் வருவதை வைத்துக் கடிகாரத்தைத் திருத்தலாம் என்பதும் நம் ஊர்ப் பேச்சு.

அந்த நேரம் தவறாமையின் பின்னால் இருந்தது பராமரிப்பு. அந்தக் காலத்து பஸ்ஸிலும் லாரியிலும் நான்கு பட்டைகள். ஒவ்வொன்றுக்கும் முன் கண், பின் கண், ஷேக்கிளின் மேல் பின். ஆக, பட்டைகளுக்கு மட்டும் பன்னிரண்டு இடத்தில் கிரீஸ் அடிக்க வேண்டும். இதைச் செய்ய ஒரு ஆள் இருந்தார். அவர்தான் கிளீனர். டிரைவர் சாப்பிட்டுப் படுத்த பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, நிப்பிளைத் துணியால் துடைத்து, பழைய கறுப்புக் கிரீஸ் வெளியே பிதுங்கிப் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடிப்பது அவர் வேலை. அந்தத் தம்பியின் அப்பா கற்றது இந்தக் கல்விதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் உலகப் போர் நேரத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. சுந்தரம் ஐயங்கார் பெட்ரோலுக்குப் பதிலாக வாயுவில் வண்டியை ஓட்ட டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற கருவியைத் தயாரித்தார். தேய்ந்த டயருக்கு மறுபடி ரப்பர் பதிக்கும் தொழிற்சாலையும் தொடங்கினார். இல்லாத சாமானைக் கொண்டு இருக்கிற வண்டியைக் காப்பாற்றுவது எப்படி என்ற அறிவு மதுரைக்கு அப்போதே வந்துவிட்டது. ரப்பரும் அதோடு சேர்ந்தே வந்தது.

இப்போது கதையின் இரண்டாவது பாதி, ரப்பர்.

ரப்பர் பால் இயற்கையில் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் நிலையான, இழுத்தால் திரும்பி வருகிற பொருளாகும் என்று கண்டார். 1844இல் காப்புரிமை பெற்றார். தொழிற்சாலைகளுக்கு ரப்பர் பசி எடுத்தது. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலில் இருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சில ஆயிரம்தான். அவற்றில் பெரும்பகுதி நாற்றுகள் அதே ஆண்டு இலங்கைக்கு வந்து, ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. அடுத்த ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. அங்கே ஹென்றி ரிட்லி மரத்தைச் சாகடிக்காமல் தினமும் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார்.

அந்தக் கத்தியைப் பிடித்த கைகள் யாருடையவை? மலேயாத் தோட்டங்களில் பெரும்பாலும் தமிழர்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, கங்காணியின் பின்னால் பினாங்குக்குப் போனவர்கள். 1938இல் இந்திய அரசு அந்த ஆள் சேர்ப்பைத் தடை செய்யும் வரை அது நடந்தது. நம் சொந்தத்திலேயே 'மலேயா வீடு' என்று பட்டப் பெயர் உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. உலகத்துக்கு டயரும் புஷ்ஷும் கிடைத்ததில் அவர்களுடைய விடியற்காலைகள் கலந்திருக்கின்றன. இந்தியாவில் வணிக ரீதியாக முதல் ரப்பர்த் தோட்டம் 1902இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் வந்தது. இன்று தமிழ்நாட்டில் ரப்பர் என்றால் கன்னியாகுமரி மாவட்டம். இலங்கையில் இருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர்கள் பலருக்கு அங்கே அரசு ரப்பர்த் தோட்டம்தான் வாழ்வு கொடுத்தது.

1920களில் பிரான்சில் லியோன் தீரி என்ற பொறியாளர் ஒரு யோசனை செய்தார். ஒரு எஃகுக் குழாய்க்குள் இன்னொரு சிறிய எஃகுக் குழாய். இரண்டுக்கும் நடுவே ரப்பரை அழுத்தித் திணித்துவிட்டால் என்ன? உள்குழாயைப் போல்ட்டோடு இறுக்கிவிடுவது, வெளிக்குழாயைப் பட்டையின் கண்ணில் இறுக்கிவிடுவது. பட்டை திரும்பும்போது எதுவும் எதன்மீதும் உரசாது. நடுவில் இருக்கும் ரப்பர் மட்டும் முறுக்கிக்கொண்டு திரும்பி வரும். உரசல் இல்லை என்றால் மசகு எதற்கு? சத்தமும் இல்லை. அதனாலேயே அதற்கு சைலன்ட்பிளாக் என்று பெயர் வந்தது. 1931இல் அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் பிளிமத் காரில் எஞ்சினையே ரப்பர் மேல் உட்கார வைத்து விளம்பரம் செய்தது. அதன் பிறகு காரின் அடிப்பாகத்தில் கிரீஸ் நிப்பிள்கள் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கின.

பாருங்கள், வெண்கலப் புஷ் வழுக்கிக்கொண்டு வேலை செய்வது. ரப்பர் புஷ் பிடித்துக்கொண்டு வேலை செய்வது. வெண்கலத்துக்கு மசகு இல்லாவிட்டால் சாவு. ரப்பருக்கு மசகு போட்டால் சாவு. இரண்டும் ஒரே இடத்தில் உட்காருவதால் வந்த குழப்பம்தான் இவ்வளவும்.

கிரீஸ் போட்டால் என்ன ஆகும்? வழக்கமான கிரீஸ், டீசல், எஞ்சின் ஆயில் எல்லாம் மண்ணெண்ணெய் குடும்பம். இயற்கை ரப்பர் அவற்றைக் குடித்து உப்பும். உப்பிய ரப்பர் கொழகொழவென்று வலுவிழக்கும். அதோடு பிடிமானம் போய், முறுக்க வேண்டிய ரப்பர் வழுக்க ஆரம்பிக்கும். வழுக்கினால் தேயும். கிரீஸில் நம் கரிசல் மண்ணும் மேலூர்க் கல் தூசியும் ஒட்டிக்கொண்டால் அது உப்புத்தாள் மாதிரி அரைக்கும். முதல் வாரம் சத்தம் நின்றது ஏன் என்று இப்போது புரியும். வழுக்கல் சத்தத்தை மூடியது, நோயை வளர்த்தது.

இந்தியாவில் இந்த மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் வந்த வில்லிஸ் ஜீப்பில் ஷேக்கிளுக்கு மரை போட்ட புஷ், கிரீஸ் நிப்பிளோடு. சுதந்திரத்துக்குப் பின் மஹிந்திரா ஜீப் செய்யத் தொடங்கியது அந்த வழியில்தான். பெரிய லாரிகளில் வெகுகாலம் கன்மெட்டல் புஷ்தான். 1972இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தபோது மதுரையில் பஸ் டிப்போ என்றாலே கிரீஸ் வாசனைதான். இதற்கிடையே கார்களிலும் சிறு வண்டிகளிலும் ரப்பர் நுழைந்துகொண்டே இருந்தது.

பெரிய திருப்பம் 2005. அந்த ஆண்டு மே மாதம் டாடா ஏஸ் வந்தது. முக்கால் டன் பாரம் தாங்கும் சின்ன வண்டி. நம் மக்கள் குட்டி யானை என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூலிக்கு ஓட்டிய டிரைவர்கள் முதலாளி ஆனார்கள். மாட்டுத்தாவணிக்கு மல்லிகைப்பூ, பரவை மார்க்கெட்டுக்குக் காய்கறி, சோழவந்தான் வாழை, உசிலம்பட்டி ஆடு என்று எல்லாம் இவர்கள் வண்டியில்தான். ஆனால் இந்த வண்டியில் கிளீனர் கிடையாது. முதலாளி, டிரைவர், கிளீனர் மூவரும் ஒருவரே. அடியில் படுத்துப் பார்க்கும் ஆள் காணாமல் போய்விட்டார். லாரிக் காலத்து 'கிரீஸ் அடி' என்ற சொல் மட்டும் மிச்சம் நின்றது.

இதில் இன்னொரு வேடிக்கை. மதுரை ரப்பர் சாமானுக்குப் பேர்போன ஊர். கோச்சடையில் ஃபென்னர் பெல்ட், ஆயில் சீல். சுந்தரம் இண்டஸ்ட்ரீஸ் ரப்பர் உதிரிப் பாகங்கள். வெள்ளரிப்பட்டியில் ஸ்ரீசக்ரா டயர். என் மாணவர்களில் பல பேருக்கு அங்கெல்லாம் வேலை. ரப்பருக்கு எண்ணெய் ஆகாது என்பது அவர்களுக்கு முதல் நாள் பாடம். அந்தப் பாடம் பத்து கிலோமீட்டர் தள்ளி, சாலையோரப் பட்டறைக்குப் போய்ச் சேரவில்லை. இந்தப் பதிவைப் படிக்கும் தொழிற்சாலைத் தம்பிகள் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

இனி, வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சில விஷயங்கள். விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் சொல்வதும் ரப்பரின் குணம் சொல்வதும் இதில் ஒன்றுதான்.

1. முதலில் உங்கள் வண்டியில் எந்த இடத்தில் என்ன புஷ் என்று தெரிந்துகொள்ளுங்கள். நிப்பிள் இருந்தால் அந்த இடம் கிரீஸ் கேட்கிறது. பல வண்டிகளில் முன் ஆக்சிலின் கிங் பின்னுக்கும், புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸுக்கும் நிப்பிள் இருக்கும். அங்கே அடிக்காமல் விட்டால் அதுவும் தப்பு. நிப்பிள் இல்லாத, கறுப்பு ரப்பர் விளிம்பு தெரிகிற இடத்தில் ஒரு சொட்டும் வேண்டாம்.

2. வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் 'அடியில் ஆயில் ஸ்ப்ரே பண்ணட்டுமா?' என்று கேட்பார்கள். பளபளப்பாக இருக்கும், துருப்பிடிக்காது என்பார்கள். பட்டையின் கண், ஷேக்கிள், ஷாக் அப்சார்பரின் மேல் கீழ் புஷ், இங்கெல்லாம் படக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். வெறும் தண்ணீரும் சோப்பும் போதும்.

3. மாதம் ஒரு முறை வெளிச்சத்தில் குனிந்து பாருங்கள். ரப்பர் விளிம்பில் வெடிப்பு, ஒரு பக்கமாகப் பிதுங்கி வெளியே வருவது, பின்னைச் சுற்றிச் செந்துருப் பொடி, உலோகம் உலோகத்தில் பட்டுப் பளபளப்பது, இவை தெரிந்தால் புஷ் முடிந்தது என்று அர்த்தம். நெம்புகோல் கொடுத்து மெதுவாகத் தள்ளினால் ரப்பர் கொஞ்சம் நெகிழ்ந்து திரும்ப வேண்டும். 'டக்' என்று ஆடினால் ஆட்டம் வந்துவிட்டது.

4. ஒரு கயிறு போதும், ஒரு முக்கியமான சோதனை செய்யலாம். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன் சக்கர நடுவில் இருந்து பின் சக்கர நடு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தால் பின் ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறது. முன் கண்ணின் புஷ் போயிருக்கலாம். நடு போல்ட் முறிந்திருக்கலாம். யு போல்ட் தளர்ந்திருக்கலாம். அன்றைக்கே பட்டறைக்குப் போங்கள்.

5. பழைய புஷ் வர மறுத்தால் கேஸ் வைத்துக் கொளுத்தி எடுப்பது பல பட்டறைகளில் வழக்கம். விடாதீர்கள். புகை நஞ்சு என்பது ஒருபுறம். பட்டை என்பது பதம் ஏற்றிய எஃகு. கண்ணைச் சிவக்கக் காய்ச்சினால் அந்தப் பதம் இறங்கிவிடும். பிறகு கண் விரியும், அல்லது முறியும். பிரஸ் வைத்தோ, நீள போல்ட்டும் வளையமும் வைத்து இழுத்தோ எடுக்கச் சொல்லுங்கள். நேரம் ஆகும், ஆகட்டும்.

6. புதுப் புஷ்ஷை ஏற்றும்போது வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். காய்ந்ததும் அது பிடிமானத்தைக் கெடுக்காது.

7. இது எல்லாவற்றிலும் முக்கியம். போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கும்போது வண்டி சக்கரத்தின் மேல் தரையில் நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி, பட்டை தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால், உள்குழாய் அந்த நிலையில் மாட்டிக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் ரப்பர் ஏற்கெனவே முறுக்கிய நிலையில் நிற்கும். பாரம் ஏற்றினால் இன்னும் முறுக்கும். புதுப் புஷ் மூன்று மாதத்தில் கிழிவதற்குப் பெரும்பாலும் சாமான் காரணமில்லை, இந்த ஒரு இறுக்கு காரணம்.

8. ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்றுங்கள். ஒன்று இறுகியும் ஒன்று தளர்ந்தும் இருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி இழுக்கும்.

சிலர் பாலியூரித்தேன் புஷ் நல்லதா என்று கேட்கிறார்கள். நீலம், சிவப்பு நிறத்தில் கடையில் தொங்கும். ஜெர்மனியில் ஓட்டோ பேயர் 1937இல் கண்டுபிடித்த பொருளின் வாரிசு அது. எண்ணெயைத் தாங்கும். ஆனால் அது ரப்பரை விடக் கடினம். முறுக்கிக்கொள்வதை விட வழுக்கியே வேலை செய்யும். அதற்கென்று தனி கிரீஸ் வேண்டும், அது காய்ந்தால் கத்தும். அதாவது, வண்டி மை காலத்துக்குக் கொஞ்சம் திரும்பிப் போவது. மாட்டினால் அதன் பராமரிப்பையும் தெரிந்துகொண்டு மாட்டுங்கள்.

இவ்வளவு சின்ன சாமானுக்கு இவ்வளவு பெரிய பதிவா என்று கேட்கலாம். பின் பட்டையின் முன் கண்தான் பின் ஆக்சிலைத் தன் இடத்தில் பிடித்து வைத்திருக்கிறது. சக்கரம் வண்டியைத் தள்ளுவதும், பிரேக் வண்டியை நிறுத்துவதும் அந்தக் கண் வழியாகத்தான். அதில் ஆட்டம் வந்தால், பிரேக் மிதித்ததும் ஆக்சில் ஒரு பக்கம் விலகும். பின் சக்கரம் தன்னிஷ்டத்துக்கு வண்டியைத் திருப்பும். ஊருக்குள் இருபதில் போகும்போது இது தெரியாது. திருமங்கலம் நான்கு வழிச் சாலையில் பாரத்தோடு எண்பதில் போகும்போது, குறுக்கே ஒரு பைக் வந்தால்தான் தெரியும். அப்போது தெரிந்து என்ன பயன்?

பாரமும் இதில் சேர்ந்தது. முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றினால் பட்டை நிமிர்ந்து, ஷேக்கிள் சாய்ந்து, புஷ் தன் எல்லை வரை முறுக்கிக்கொண்டுதான் பயணத்தையே தொடங்குகிறது. மயிலிறகு வண்டிக் குறள் உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம், நான் சொல்ல வேண்டியதில்லை. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. ஒரு மாத வருமானம் ஒரு கை காட்டலில் போய்விடும். வாடகை கொடுக்கும் வியாபாரிதான் 'இன்னும் நாலு மூட்டை போடுப்பா' என்பார். அபராதமும் புஷ்ஷும் உயிரும் ஓட்டுகிறவருடையது. வியாபாரம் செய்யும் என் மாணவர்களும் இதைப் படிக்கிறார்கள் என்பதால் இதைச் சேர்த்தே எழுதுகிறேன்.

கடைசியாக, அந்தத் தம்பியின் அப்பாவைப் போன்ற பழைய கிளீனர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் சொல்லும் 'கிரீஸ் அடி' என்பதை ரப்பரில் செய்யாதீர்கள். ஆனால் அவர்கள் தினமும் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார்களே, அதை விட்டுவிடாதீர்கள். கையில் கிரீஸ் துப்பாக்கி இருந்ததால் பன்னிரண்டு இடத்தையும் கண்ணால் பார்த்தார்கள், விரலால் தொட்டார்கள். வெடிப்பும் ஆட்டமும் அவர்கள் கண்ணில் பட்டது அதனால்தான். ரப்பர் வந்து கிரீஸ் வேலையை நிறுத்தியது. பார்க்கும் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. உங்கள் அப்பாவையே மாதம் ஒரு நாள் வண்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குக் குனிய முடியாவிட்டால் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, நீங்கள் டார்ச் அடித்துச் சொல்லச் சொல்லக் கேளுங்கள். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவர் காதுக்குத் தெரியும்.

பட்டறை வைத்திருக்கும் மாணவர்கள் விட்டுப்போனதைக் கமெண்டில் சேர்த்துச் சொல்லுங்கள். பிக்கப் ஓட்டும் நண்பர்கள் இருந்தால் அவர்களுக்கு அனுப்பி வையுங்கள். எல்லோரும் பத்திரமாக வீடு வந்து சேருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாறு வாத்தியார்